நாவற்பழத்திலிருந்து வினாகிரி தயாரித்தல்

இலங்கையின் உலர்வலயத்தில் குளக்கட்டுகளிலும் ஆற்றோரங்களிலும் கோயில் வீதிகளிலும் வீட்டு வளவுகளிலும் நாவல் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்து நாவற்குழி போன்ற ஊர்ப்பெயர்கள் இம்மரம் நம் மக்களோடு கொண்டிருந்த உறவைக் காட்டுவன. பழங்காலத்தில் பாரத நாட்டை நாவலந்தீவு என்றே நூல்கள் குறித்தன. இத்துணைப் பெருமை வாய்ந்த மரத்தின் பழம் ஆண்டில் சில கிழமைகளுக்கு மட்டுமே கிடைக்கின்றது. அக்காலத்தில் சிறுவர் தின்றதும், பறவைகளும் வௌவால்களும் கொண்டு சென்றதும் போக, எஞ்சிய பழம் முழுவதும் மரத்தடியில் விழுந்து நிலத்தைக் கறைப்படுத்தி அழிந்து போகின்றது. பறித்த பழம் இரண்டொரு நாளுக்கு மேல் நில்லாமையால் தூர இடங்களுக்கு அனுப்பி விற்பதும் எளிதன்று.

இவ்வாறு வீணாகும் பழத்தைக் கெடாத ஒரு பொருளாக மாற்றும் வழியொன்றை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும். அப்பொருள் வினாகிரி. ஊறுகாய்க்கும் அச்சாற்றுக்கும் வேண்டிய வினாகிரியைப் பல குடும்பங்கள் ஆண்டு முழுவதும் விலை கொடுத்து வாங்குகின்றன. கடைகளில் கிடைக்கும் மலிந்த வினாகிரிகளுட் சில, அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து செய்யப்பட்டவையே. பழத்திலிருந்து முறைப்படி செய்த வினாகிரியின் மணமும் சுவையும் அவற்றுக்கு இல்லை.

ஆங்கிலத்தில் நாவலை யாவாப் பிளம் என்றும் கரும்பிளம் என்றும் வழங்குவர். எனினும் இது பிளம் இனத்தைச் சேர்ந்ததன்று. கராம்பு, கொய்யா, யம்பு ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. குளிர்நாடுகளில் காட்டுப் பிளம் பழங்களைப் புளிக்கவைத்து வீட்டிலேயே வைன் செய்து நிலவறைகளிற் சேமித்து வைப்பர். நமது வெப்பமான காலநிலையிலோ வைனைக் கெடாது வைத்திருத்தல் கடினம். காற்றுப்பட்டவுடன் அது புளித்துவிடும். வைனைக் கெடுக்கும் அந்த வெப்பமே வினாகிரி விரைவாக விளைவதற்கு உதவி செய்கின்றது. ஆகவே நமது நாட்டில் காட்டுப் பழத்தைச் சேமித்து வைப்பதற்கு வினாகிரியே ஏற்ற வடிவமாகும்.

வினாகிரி உண்டாகும் விதம்

வினாகிரி இரண்டு நொதித்தல்களின் விளைவாகும். முதலாம் நொதித்தலில் மதுவம் என்னும் நுண்ணுயிர் பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. இரண்டாம் நொதித்தலில் அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் அம்மதுசாரத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனின் உதவியால் அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. வினாகிரியின் புளிப்பு இவ்வமிலத்தால் உண்டாவது. பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர் 1860 ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆராய்ச்சிகளால், வினாகிரி உண்டாவது உயிருள்ள நுண்ணங்கிகளின் தொழிலே என்பது தெளிவாயிற்று.

இவ்விரு நொதித்தல்களும் ஒன்றுக்கொன்று எதிரான நிலைமைகளை வேண்டுவன என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவதற்குக் காற்றுப் புகாதிருத்தல் வேண்டும். இரண்டாவதற்குக் காற்று நிறைய வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே வேளையில் நடக்கவிட்டால், முன்னதாகத் தோன்றும் அமிலம் மதுவத்தின் தொழிலைத் தடுத்துவிடும். சர்க்கரை எஞ்சி நிற்க, புளிப்பும் குறைவாகவே அமையும். வீடுகளில் வினாகிரி தவறிப்போவதற்கு இதுவே தலையாய காரணமாகும். ஆகையால் முதல் வேலை முற்றாக முடிந்தபின்னரே இரண்டாவதைத் தொடங்கவேண்டும்.

சர்க்கரைக்கும் புளிப்புக்கும் உள்ள தொடர்பையும் அறிந்திருத்தல் நன்று. கணக்கின்படி 100 கிராம் குளுக்கோசிலிருந்து ஏறக்குறைய 51 கிராம் மதுசாரமும், அதிலிருந்து ஏறக்குறைய 67 கிராம் அசற்றிக்கமிலமும் பெறப்படும். நடைமுறையில் ஒரு பகுதி ஆவியாகியும் வேறு வழிகளிலும் இழக்கப்படுவதால், சர்க்கரையின் நிறையில் அரைவாசியளவே அமிலமாகக் கிடைக்கும் எனக் கொள்ளலாம். எனவே நூற்றுக்கு 5 பங்கு அமிலமுள்ள வினாகிரி வேண்டுமாயின், தொடக்கச் சாற்றில் நூற்றுக்கு 10 பங்குக்குக் குறையாத சர்க்கரை இருத்தல் வேண்டும். நாவற்சாறு தனியே நின்றால் இவ்வளவினை எட்டக்கூடும். ஆனால் சாறெடுப்பதற்கு நீர் சேர்க்க வேண்டியிருப்பதால் சிறிது சீனியும் சேர்த்தல் அவசியமாகின்றது.

சட்டம் பற்றிய குறிப்பு

முதலாம் நொதித்தலின் முடிவில் கிடைக்கும் திரவம் மதுசாரம் கொண்டது. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரித்தல் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலால் வேலையைத் தொடங்குமுன் அண்மையிலுள்ள மதுவரி அலுவலகத்தில் நோக்கத்தைத் தெரிவித்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். இவ்விடைநிலைத் திரவம் குடிப்பதற்கோ விற்பதற்கோ உரியதன்று. அதனைக் காய்ச்சி வடிக்க முயல்வது குற்றமாவதுடன் உயிருக்கும் ஆபத்தாகும்.

வேண்டிய பொருள்கள்

நன்கு பழுத்த நாவற்பழம் 5 கிலோகிராம்
கொதித்தாறிய நீர் 3 லீற்றர்
சீனி 500 கிராம்
ஈஸ்ற் எனக் கடைகளில் விற்கப்படும் உலர்ந்த மதுவம் 1 தேக்கரண்டி
உயிருள்ள இயற்கை வினாகிரி ஏறக்குறைய 1¼ லீற்றர்

இவ்வளவிலிருந்து முடிவில் 6 அல்லது 7 போத்தல் வினாகிரி எதிர்பார்க்கலாம்.

பாத்திரங்களைத் தெரிவதில் மிகுந்த கவனம் வேண்டும். கண்ணாடி, நல்ல பீங்கான், உணவுக்கென்றே செய்யப்பட்ட பிளாத்திக்கு, துருப்பிடியாத உருக்கு ஆகியவை ஏற்றவை. செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு ஆகியவற்றை அமிலம் அரிக்கும். ஈயம் கலந்த மெருகு பூசிய பழைய சாடிகள் நஞ்சை உண்டாக்கும். நாவலைப் பொறுத்தவரையில் இரும்பை விலக்குவதற்கு இன்னுமொரு காரணமுண்டு. இப்பழத்திலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் இரும்புடன் சேர்ந்து எழுதும் மையைப் போன்ற கருநிறத்தை உண்டாக்கும். துருவேறிய கரண்டியொன்றால் கலக்கினாலும் அழகிய செந்நிறம் கெட்டுவிடும். மரக்கரண்டியே சிறந்தது.

பாத்திரங்கள், கரண்டிகள், வடிதுணிகள், போத்தல்கள் யாவற்றையும் சோடா நீராற் கழுவிப் பின் கொதிநீரில் 15 நிமிடம் இடுக. கொதிநீரைத் தாங்காத பெரிய சாடிகளைத் தூய சுடுநீரால் இருமுறை அலசி வெயிலில் உலரவிடலாம்.

பழம் சேகரித்தல்

ஔவையார் கதையில் வரும் சுட்ட பழத்தை அறியாதவர் இலர். நிலத்தில் விழுந்து மணல் ஒட்டிய நாவற்பழமே அது. கதைக்கு இனிய அப்பழம் வினாகிரிக்கு உதவாது. மண்ணில் விழுந்த பழத்தில் தோல் வெடித்திருக்கும். அவ்வெடிப்பின் வழியே பூஞ்சணமும் பழ ஈயின் முட்டைகளும் உட்புகும். ஆகையால் மாலையில் மரத்தடியைக் கூட்டித் துப்புரவாக்கி, பாயையோ படங்கையோ விரித்து வைத்து, அதிகாலையில் அதில் விழுந்த பழங்களைச் சேகரிக்க வேண்டும். தாழ்ந்த கொப்புகளை மெல்ல உலுக்கலாம். மரமேறிப் பறித்தல் ஆபத்தானது.

பழம் முழுவதும் கருநீல நிறம் பெற்று, அழுத்தினால் இளகுவதாக இருத்தல் வேண்டும். செந்நிறமான காய்ப்பருவத்துப் பழத்தில் துவர்ப்பு மிகுதி, சர்க்கரை குறைவு. வௌவால் கடித்தவற்றையும் புழுத்தவற்றையும் அழுகியவற்றையும் முற்றாக நீக்கிவிடுக. சேகரித்த அன்றே வேலையைத் தொடங்கவேண்டும். காடுகளிற் சேகரிப்போர், அது பாதுகாக்கப்பட்ட காடாயின் உரிய அனுமதியுடனேயே செல்லவேண்டும். ஒரு மரத்தின் பழம் முழுவதையும் அள்ளிவிடாது பறவைகளுக்கும் விட்டு வைத்தல் அறமுமாகும், அம்மரம் பரவுவதற்கு வழியுமாகும்.

சாறு ஆயத்தஞ்செய்தல்

பழங்களை மூன்று முறை நீர் மாற்றிக் கழுவி, காம்புகளை நீக்குக. பின் பழங்களைப் பாத்திரத்தில் இட்டுக் கையாலோ மர மத்தினாலோ மெல்லப் பிசைக. விதைகள் நசுங்கலாகாது. நசுங்கினால் கடுமையான துவர்ப்பும் கசப்பும் சாற்றில் இறங்கும். பிசைந்த பழத்துடன் 3 லீற்றர் நீரைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் வைத்து 70 பாகை செல்சியசு வரை சூடாக்கி, அவ்வெப்பநிலையில் 10 நிமிடம் வைத்திருக்கவும். வெப்பமானி இல்லாதோர், பாத்திரத்தின் ஓரங்களில் ஆவி நன்கு எழுந்து, ஆனால் கொதி தொடங்காத நிலையை அடையாளமாகக் கொள்ளலாம். இச்சூட்டினால் தோலிலுள்ள நிறம் சாற்றில் இறங்கும். பழத்தோடு வந்த தீய நுண்ணங்கிகளும் பெரும்பாலும் மடியும். கொதிக்கவிட்டால் பழமணம் போய்விடும்.

இறக்கியவுடன் சீனியைச் சேர்த்துக் கரைத்து, பரும்படியான அரிதட்டினால் விதைகளை மட்டும் பிரித்தெடுக்கவும். தோலும் சதையும் சாற்றுடன் இருக்கலாம். பாத்திரத்தை மூடி, கையால் தொட்டால் இளஞ்சூடாக உணரும்வரை ஆறவிடுக. நீரடர்த்திமானி உடையோர் வடித்த சாற்றை இந்நிலையில் அளந்தால் 1.050 அளவில் காட்டவேண்டும். குறைந்திருந்தால் இன்னும் சிறிது சீனி சேர்க்கலாம்.

முதலாம் நொதித்தல்

அரைக் கோப்பை இளஞ்சூடான நீரில் ஒரு சிட்டிகை சீனியைக் கரைத்து மதுவத்தைத் தூவி 15 நிமிடம் வைக்கவும். நுரை பொங்கினால் மதுவம் உயிருடன் இருக்கின்றது என அறியலாம். நுரையாவிடின் அதனை விலக்கி வேறு மதுவம் வாங்க வேண்டும். நுரைத்த மதுவத்தைச் சாற்றுடன் கலந்து, ஒடுங்கிய வாயுள்ள சாடியில் முக்காற் பங்குக்கு மேற்படாமல் ஊற்றுக. மேலே இடம் விடாவிடின் நுரை பொங்கி வழியும்.

சாடியின் வாயை இறுக்கமான தக்கையால் அடைத்து, தக்கையினூடாக ஒரு சிறு குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையை நீருள்ள போத்தலில் அமிழ்த்தி வைக்கவும். சாடியில் உள்ள முனை சாற்றைத் தொடலாகாது. உள்ளே உண்டாகும் வாயு நீரினூடாகக் குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உட்புகாது. குழாய் இல்லாமல் வாயை முற்றாக அடைத்து விடுதல் பெருந்தவறு. வாயுவின் அழுத்தத்தால் கண்ணாடிச் சாடி வெடித்து, அருகில் நிற்போரைக் காயப்படுத்தும்.

சாடியை வெயில் படாத இடத்தில் வைக்கவும். 25 முதல் 30 பாகை வரையான நமது சாதாரண அறைவெப்பநிலை போதுமானது. முதல் மூன்று நாட்களிலும் நாளுக்கு ஒருமுறை சாடியை மெல்ல ஆட்டி, மேலே மிதக்கும் தோற்படையை நனையச் செய்க. மூன்றாம் நாளின் பின் துணியால் வடித்துச் சக்கையை நீக்கி, சாற்றை மீண்டும் சாடியில் ஊற்றி முன்போல் அடைக்கவும். வடித்த சக்கையை மண்ணுடனும் சருகுடனும் கலந்து கூட்டெருவாக்கலாம்.

ஏழு முதல் பத்து நாட்களில் குமிழிகள் நின்றுவிடும். இனிப்பு அறவே நீங்கி, அடியில் மண்டி படிந்து, மேலுள்ள திரவம் தெளியத் தொடங்கும். இம்மூன்று அடையாளங்களும் ஒருங்கே தோன்றிய பின்னரே முதல் வேலை முடிந்தது எனக் கொள்ளவேண்டும். குமிழி நின்றும் இனிப்பு எஞ்சியிருந்தால், மேலும் சில நாட்கள் பொறுத்துப் பார்க்கவும். பின்னர் மண்டி கலங்காதவாறு குழாய் மூலம் தெளிந்த திரவத்தை வேறு பாத்திரத்துக்கு இறக்குக. மண்டியுடன் விட்டால் அது அழுகித் தீய மணம் தரும்.

இரண்டாம் நொதித்தல்

இப்பொழுது நிலைமைகள் யாவும் தலைகீழாக மாறவேண்டும். ஒடுங்கிய வாய்ச் சாடிக்குப் பதிலாக அகன்ற வாயுள்ள சாடியொன்றை எடுத்துக்கொள்ளவும். திரவம் அதில் அரைப்பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே நிற்கவேண்டும். திரவத்தின் மேற்பரப்பு எவ்வளவு அகன்றதோ அவ்வளவு விரைவாகக் காற்று கலக்கும்.

தெளிந்த திரவத்தின் நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் உயிருள்ள இயற்கை வினாகிரியைச் சேர்க்கவும். இதனையே தாய் வினாகிரி என்பர். பாலுக்கு உறை மோர் எத்தகையதோ, வினாகிரிக்குத் தாய் வினாகிரி அத்தகையது. இது பற்றீரியாவை விதைப்பதோடு, தொடக்கத்திலேயே திரவத்தைப் புளிப்பாக்கிப் பிற நுண்ணங்கிகள் வளராமலும் காக்கின்றது. செயற்கை வினாகிரியில் பற்றீரியாவே இல்லை. போத்தலில் அடைத்துச் சூடாக்கிய இயற்கை வினாகிரியில் பற்றீரியா இறந்திருக்கும். இவ்விரண்டும் தாயாக உதவமாட்டா. தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி செய்பவரிடம், சூடாக்குவதற்கு முன் எடுத்த வினாகிரியைக் கேட்டுப் பெறலாம். ஒருமுறை பெற்றுவிட்டால், பின்னர் ஒவ்வொரு முறையும் தமது வினாகிரியிலேயே ஒரு பகுதியை அடுத்த முறைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

சாடியின் வாயை இரட்டை மடிப்பான நெருங்கிய இழைத்துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்டுக. காற்று உட்செல்லவேண்டும், பழ ஈ உட்செல்லலாகாது. எறும்புகள் ஏறாதவாறு சாடியை நீருள்ள தட்டில் வைக்கலாம். இருண்ட, காற்றோட்டமுள்ள, புகைபடாத இடம் ஏற்றது.

சில நாட்களில் திரவத்தின் மேல் மெல்லிய ஆடை படரும். அது வழுவழுப்பாகத் தடிப்படையும். பற்றீரியாக்கள் கூடி வாழும் படை இதுவாகும். இதனைக் கலைக்கலாகாது. சாடியை அசைத்தாலோ கரண்டியால் குத்தினாலோ படை அடியில் அமிழ்ந்து காற்றின்றிப் பயனற்றதாகிவிடும். புதிய படை தோன்றும்வரை வேலை தாமதமாகும். எனவே சாடியை ஓரிடத்தில் நிலையாக வைத்து, கட்டியதுணியை அவிழ்க்காமல் ஆறு கிழமைகள் பொறுத்திருத்தல் வேண்டும். வினாகிரி முற்றுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகள் வரை செல்லும்.

புளிப்பை அளத்தல்

நாக்கால் சுவைத்துப் பார்த்துப் புளிப்பை மதிப்பிடுவோர் பலர். இது நம்பத்தக்க முறையன்று. ஊறுகாய்க்குப் பயன்படும் வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்குக்குக் குறையாத அமிலம் இருத்தல் வேண்டும். காய்கறிகளிலுள்ள நீர் ஊறி வெளிவந்து வினாகிரியை மேலும் நீர்க்கச் செய்வதால், தொடக்கத்திலேயே வலிமை குன்றிய வினாகிரி ஊறுகாயைக் காக்கமாட்டாது. பீ.எச். பெறுமானம் 4.6க்கு மேற்பட்ட உணவு காற்றுப்புகாது அடைக்கப்படும்போது, பொற்றுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா அதில் வளரக்கூடும். அந்நஞ்சு கண்ணுக்கோ மூக்குக்கோ நாவுக்கோ தெரியாமலும் இருக்கலாம். குடும்பத்தின் பாதுகாப்பு இவ்வளவீட்டிலேயே தங்கியுள்ளது.

சரியான முறை வருமாறு. 10 மில்லிலீற்றர் வினாகிரியை, கொதித்தாறிய நீர் 100 மில்லிலீற்றருடன் கலந்து, அதில் 0.5 மூலர்ச் செறிவுள்ள சோடியமைதரொட்சைட்டுக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். நாவலின் நிறப்பொருள் அமிலத்தில் சிவப்பாகவும், அமிலம் தீர்ந்தபின் நீலமும் பச்சையும் கலந்ததாகவும் மாறுவதால் அதுவே முடிவைக் காட்டும். செலவான கரைசலின் மில்லிலீற்றர் அளவை 0.3 ஆற் பெருக்கினால் நூற்றுவீத அமிலம் கிடைக்கும். உதாரணமாக 15 மில்லிலீற்றர் செலவாயின் அமிலம் நூற்றுக்கு 4.5 ஆகும். இக்கரைசல் தோலையும் கண்ணையும் புண்ணாக்குமாதலால் வீட்டில் வைத்துச் செய்யாது, பாடசாலை ஆய்வுகூடத்திலோ பரிசோதனை நிலையத்திலோ செய்வித்தல் நன்று.

வீட்டிற் செய்யத்தக்க ஒப்பீட்டு முறையொன்றும் உண்டு. அப்பச்சோடா 1 மட்டத் தேக்கரண்டியை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்துக்கொள்க. அமில அளவு குறிக்கப்பட்ட கடை வினாகிரி 5 மில்லிலீற்றரை ஒரு கண்ணாடிக் கோப்பையிலும், நமது வினாகிரி 5 மில்லிலீற்றரை இன்னொன்றிலும் இட்டு, இரண்டிலும் அரைக் கோப்பை நீர் சேர்க்கவும். கடை வினாகிரியில் மட்டும் சில துளி நாவற்சாற்றை விட்டுச் சிவக்கச் செய்க. பின் அளவுக்கோடுள்ள மருந்துக் குழாயால் சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சிவப்பு மாறி ஊதா நிறம் வரும்வரை செலவான அளவைக் குறித்துக்கொள்க. நமது வினாகிரிக்குச் செலவானது கடை வினாகிரிக்குச் செலவானதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பின், வலிமை போதுமானது எனக் கொள்ளலாம். குறைந்திருப்பின் மேலும் இரண்டு கிழமை விட்டு மீண்டும் சோதிக்கவும். இது மதிப்பீடு மட்டுமே. விற்பனைக்குரிய வினாகிரிக்கு ஆய்வுகூட அளவீடு இன்றியமையாதது.

நிறுத்துதலும் போத்தலில் அடைத்தலும்

புளிப்பு உரிய அளவை அடைந்தபின் வினாகிரியைச் சாடியிலேயே விட்டு வைத்தால் இன்னும் சிறக்கும் என எண்ணுதல் தவறாகும். மதுசாரம் தீர்ந்தபின் அதே பற்றீரியாக்கள் தாம் உண்டாக்கிய அசற்றிக்கமிலத்தையே உண்டு, அதனை நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடும். நன்றாக விளைந்த வினாகிரி சில கிழமைகளில் வெறும் நீராய்ப் போவது இதனாலேயாம். நெல் விளைந்தவுடன் அரிவி வெட்டுவதைப்போல, வினாகிரியையும் உரிய நாளில் எடுத்தல் வேண்டும்.

மேற்படையை நீக்கி, திரவத்தைத் தடித்த துணியால் வடிக்கவும். 1¼ லீற்றர் அளவை அடுத்த முறைக்குரிய தாயாக ஒதுக்கி, சூடாக்காமல் வைத்துக்கொள்ளவும். எஞ்சியதை மூடிய கண்ணாடிச் சாடியில் நிறைய ஊற்றி ஒரு கிழமை தெளியவிட்டு, தூய போத்தல்களில் கழுத்துவரை நிரப்புக. போத்தல்களைத் துணி விரித்த பாத்திரத்து நீரில் நிறுத்தி மெல்லச் சூடாக்கி, போத்தலின் உள்ளே 65 பாகை வந்தபின் 20 நிமிடம் அவ்வெப்பநிலையில் வைத்திருக்கவும். சூட்டுடனேயே தக்கையாலோ பிளாத்திக்கு மூடியாலோ இறுக அடைக்கவும். தகர மூடியை அமிலம் அரித்துவிடும். ஆறியபின் தயாரித்த திகதியைக் குறித்து ஒட்டி, இருளான இடத்தில் வைக்கவும். இரண்டு மூன்று மாதம் சென்றபின் துவர்ப்புத் தணிந்து சுவை மேம்படும்.

குறைகளும் பரிகாரங்களும்

1. மாதங்கள் சென்றும் புளிப்பு ஏறாமை: தாய் வினாகிரி உயிரற்றதாக இருக்கலாம், அல்லது சாடியின் வாய் ஒடுங்கியிருக்கலாம். உயிருள்ள தாயைப் புதிதாகச் சேர்த்து, அகன்ற சாடிக்கு மாற்றுக.

2. வெண்ணிறமான, உலர்ந்து சுருக்கமுற்ற ஏடு: இது பற்றீரியாப் படையன்று, படலமதுவமாகும். தாய் வினாகிரி போதாமையால் உண்டாவது. ஏட்டை அகற்றி, மேலும் தாய் சேர்க்கவும்.

3. பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சணம்: முழுவதையும் கொட்டிவிடுக. மேலே வழித்தெடுத்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாகாது.

4. வார்னிசு போன்ற மணம்: மதுசாரமும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் பொருளால் இம்மணம் வரும். காற்றோட்டம் கூடினால் சில கிழமைகளில் தணியும். தணியாவிடின் உணவுக்கு உதவாது.

5. நூல்போன்ற நுண்ணிய புழுக்கள் மேற்பரப்பில் நெளிதல்: இவை வினாகிரிப் புழுக்கள். சூடாக்கி வடித்தால் ஒழியும். ஆயினும் அத்திரவத்தைத் தாயாகப் பயன்படுத்தலாகாது. சாடியையும் கொதிநீரால் துப்புரவாக்குக.

6. கருநிறமாதல்: எங்கோ இரும்பு பட்டுள்ளது. பாத்திரத்தையும் கரண்டியையும் சோதிக்கவும்.

பயன்படுத்தலும் விற்றலும்

சின்னவெங்காயம், பச்சைமிளகாய், கரட், பப்பாசிக்காய் ஆகியவை சேர்ந்த அச்சாற்றுக்கு நாவல் வினாகிரி சிறந்தது. வெங்காயம் அழகிய செந்நிறம் பெறும். வெண்ணிறமாக இருக்கவேண்டிய ஊறுகாய்களுக்கு இதனைத் தவிர்க்கலாம். மீனையும் இறைச்சியையும் சமைக்குமுன் ஊறவைப்பதற்கும் ஏற்றது.

நாவல் நீரிழிவுக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. அதனைக் கொண்டு வினாகிரியை மருந்தெனக் கூறி விற்றலும், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தி இதனைக் குடித்தலும் தகாதன. இது உணவுப்பொருள் மட்டுமே. நீர் கலக்காத வினாகிரியைக் குடித்தால் பல்லும் தொண்டையும் புண்படும்.

விற்பனை செய்ய விரும்புவோர் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும் அதன்கீழான ஒழுங்குவிதிகளுக்கும் அமைய நடக்கவேண்டும். பிரிவுக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுக. கிராமத்துப் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, பழக்காலத்தில் பொதுவாகப் பழம் சேகரித்து, ஒரே முறையாகச் செய்வார்களாயின் சாடிகளுக்கும் ஆய்வுகூட அளவீட்டுக்கும் ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு சாடிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, பழத்தின் நிறை, சீனியின் அளவு, தொடங்கிய நாள், படை தோன்றிய நாள், முடிவான புளிப்பு ஆகியவற்றை எழுதி வருதல் அடுத்த ஆண்டுக்கு நல்ல வழிகாட்டியாகும்.

பிற பழங்கள்

இம்முறையில் மரமுந்திரிகைப் பழம், அன்னாசிப்பழத் தோல், மிகப் பழுத்த வாழைப்பழம், மாம்பழம் ஆகியவற்றிலிருந்தும் வினாகிரி தயாரிக்கலாம். பழத்துக்குப் பழம் சர்க்கரையின் அளவு மாறுவதால், சேர்க்கவேண்டிய நீரும் சீனியும் வேறுபடும். எப்பழமாயினும் தூய பாத்திரம், முதலிற் காற்றின்மை, பின்னர் காற்று, உரிய வேளையில் நிறுத்துதல் என்னும் நான்கு விதிகளும் மாறமாட்டா.

முதன்முறை தொடங்குவோர் இங்கு கூறிய அளவுக்கு மேற்படாமல் ஒரு சாடியுடன் தொடங்குவது நன்று. அனுபவம் பெற்றபின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். வேலையின் எந்தப் படியிலாவது ஐயம் ஏற்படின், அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக. வரும் பழக்காலத்துக்கு முன்னரே சாடியையும் தாய் வினாகிரியையும் ஆயத்தமாக வைத்திருப்போருக்கு, மரத்தடியில் விழும் நாவற்பழம் ஆண்டு முழுவதும் பயன்தரும் செல்வமாகும்.